தகர டப்பாவும் சனதும்: பாப் கலை அச்சுகள் குறித்துச் சில சிந்தனைகள்

நம் கல்லூரியில் ஏழாண்டுகள் ஓதி, பின்னர் வணிகவியலும் பயின்று, இப்போது வளைகுடா நகரொன்றில் கணக்கராகப் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் நம்மைக் காண வந்தார். நலம் விசாரித்து முடிந்ததும் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏறத்தாழ 35 அங்குல உயரமும் 23 அங்குல அகலமும் கொண்ட தடித்த தாள். அதன் நடுவே சிவப்பும் வெள்ளையுமான ஒரு தகர டப்பா. தக்காளி சூப் அடைக்கப்பட்ட கேம்ப்பெல் நிறுவனத்து டப்பா. வேறொன்றும் இல்லை.

“ஹஜ்ரத், ஆண்டி வார்ஹோலின் அசல் அச்சு என்று சொல்லி விற்றார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறேன். பின்புறத்தில் நீல மையில் ஒரு முத்திரை இருக்கிறது. ‘உங்கள் சொந்தக் கையொப்பத்தை இட்டுக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருக்கிறது. இது ஓவியரின் வேடிக்கை என்றார் விற்றவர். இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது” என்றார்.

ஓவியச் சந்தையைப் பற்றி நம்மிடம் ஏன் கேட்கிறீர் என்றோம். “சனதை ஆராயக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தானே!” என்று பதில் வந்தது. அந்தப் பதில் நம்மை இத்துறையின் நூல்களுக்குள் இழுத்துச் சென்றது. கண்டவற்றை வாசகர்முன் வைக்கிறோம்.

டப்பா ஓவியமான கதை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேலைநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், கடைகளில் பொருள்கள் குவிந்தன. அவற்றோடு உறைகளும் விளம்பரங்களும் பெருகின. ஓவியர்களோ அந்நாளில் உருவமற்ற வண்ணச் சுழல்களில் தம் அகக் கொந்தளிப்பை வெளிப்படுத்திக்கொண்டிருந்தனர். இவ்விரு உலகங்களுக்கும் இடையிலிருந்த சுவரைத் தகர்க்க முனைந்ததே பாப் கலை. இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஹாமில்டன் 1957இல் நண்பர்களுக்கு எழுதிய கடிதமொன்றில் இக்கலையின் இலக்கணத்தைப் பட்டியலிட்டார். அது மக்கள் திரளுக்கானது, நிலையற்றது, விலை குறைந்தது, ஏராளமாக உற்பத்தி செய்யப்படுவது, கூடவே பெருவணிகமும் ஆவது என்பன அப்பட்டியலில் அடங்கும். ‘விலை குறைந்தது’ என்பதும் ‘பெருவணிகம்’ என்பதும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கட்டுரையின் சிக்கல் முழுவதும் அவ்விரண்டுக்கும் இடையில்தான் கிடக்கிறது.

1928இல் பிட்ஸ்பர்க் நகரில், கார்பாத்திய மலைப்பகுதியிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஆண்டி வார்ஹோல். நியூயார்க்கில் காலணி விளம்பரங்கள் வரைந்து பெயர் பெற்றவர். 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் அவருடைய 32 ஓவியங்கள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 20 அங்குல உயரமும் 16 அங்குல அகலமும் உடையது. அன்று அந்நிறுவனம் விற்ற 32 சூப் வகைகளுக்கும் தலைக்கொன்றாக 32 டப்பாக்கள். கடையில் அடுக்கியது போலவே சுவரோரம் ஒரு பலகைமீது வரிசையாக அவை நின்றன. அருகிலிருந்த மற்றொரு காட்சிக்கூடத்தார் உண்மையான சூப் டப்பாக்களைச் சன்னலில் அடுக்கி, இங்கே மலிவாகக் கிடைக்கும் என்று அறிவித்துக் கேலி செய்தனர்.

ஓர் ஓவியத்தின் விலை 100 டாலர். ஐந்தாறுதான் விலைபோயின. காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் இர்விங் புளூம் ஒரு கட்டத்தில் இவை பிரியக் கூடாதவை என்று உணர்ந்தார். விற்றவற்றையும் வாங்கியோரிடமிருந்து திரும்பப் பெற்று, 32ஐயும் 1,000 டாலருக்குத் தாமே வாங்கிக்கொண்டார். அதையும் மாதம் 100 டாலராகத் தவணையில் செலுத்தினார். 1996இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அத்தொகுதியைப் பெற்றபோது அதன் மதிப்பு சுமார் 1.5 கோடி டாலர். சேகரிப்பவரின் உண்மையான திறன் என்னவென்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்றாகும். புளூம் செய்த பெருஞ்செயல், சிதறவிருந்த ஒன்றைத் தொகுதியென்று கண்டுகொண்டதே.

அச்சு தந்த வாக்குறுதி

1962இன் டப்பாக்கள் பெரும்பாலும் கையால் வரையப்பட்டவை. ஆனால் வார்ஹோலுக்கு உகந்த வழி விரைவிலேயே கிடைத்தது. அது நம்மூரில் திருமண அழைப்பிதழும் துணிப்பையும் அச்சிடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில் படத்தின் பகுதி மட்டும் மை கசியுமாறு செய்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் கீழுள்ள தாளில் உரு விழுகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு திரை. பணியாளர் யார் இழுத்தாலும் ஏறத்தாழ அதே படம் கிடைக்கும்.

வார்ஹோல் தம் அச்சுகளை வெளியிட ‘ஃபேக்டரி அடிஷன்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1967இல் நடிகை மர்லின் மன்றோவின் முகம் பத்துத் தாள்களாக வந்தது. 1968இல் ‘கேம்ப்பெல் சூப் 1’ என்ற தொகுதி வெளிவந்தது. தக்காளி, வெங்காயம், பச்சைப் பட்டாணி, காளான் முதலிய பத்து வகைகள், பத்துத் தாள்கள். மொத்தம் 250 தொகுதிகள். அவற்றுக்கு மேல் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்பட்ட 26 தொகுதிகள். 1969இல் இரண்டாம் தொகுதியும் அதே அளவில் வந்தது. தாளின் பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கையொப்பம். ரப்பர் முத்திரையால் ஓர் எண்.

அந்தப் பத்தாண்டுகளில் அன்றாடப் பொருளை அச்சில் ஏற்றியவர் வார்ஹோல் மட்டுமல்லர். ஜாஸ்பர் ஜான்ஸ் 1960இல் இரு பானக் குப்பிகளை வெண்கலத்தில் வார்த்து வண்ணம் பூசினார். 1964இல் அவற்றையே கல்லச்சில் தந்தார். வேய்ன் தீபோ 1965இல் கலிஃபோர்னியாவின் கிரௌன் பாயின்ட் அச்சகத்தில் ‘டிலைட்ஸ்’ என்ற பெயரில் 17 செதுக்கச்சுகளை வெளியிட்டார். அவை பெரும்பாலும் உணவுவிடுதிகளிலும் இனிப்புக் கடைகளிலும் நாம் காணும் பண்டங்கள். எட் ரூஷே 1966இல் ஒரு பெட்ரோல் நிலையத்தை மாபெரும் மாளிகைபோல் அச்சிட்டார். 1964இல் நியூயார்க்கின் பியாங்கினி காட்சிக்கூடம் தன்னையே ஒரு பலசரக்குக் கடையாக மாற்றிக்கொண்டது. அங்கே வார்ஹோலின் சூப் டப்பாவும் ராய் லிக்டென்ஸ்டைனின் வான்கோழியும் அச்சிட்ட கடைப்பைகள் 12 டாலருக்குக் கிடைத்தன.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தீபோவின் பண்டங்களுக்கு நிழல் உண்டு. யாரோ சற்றுமுன் பரிமாறி வைத்தது போன்ற தோற்றம் உண்டு. ஜான்ஸின் இரு குப்பிகளில் ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. குடித்தவர் எழுந்து போயிருக்கிறார். வார்ஹோலின் 1968ஆம் ஆண்டுத் தொகுதியிலோ பத்து டப்பாக்களில் ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. மேசை இல்லை, கரண்டி இல்லை, பசித்த வாய் இல்லை. வெள்ளைத் தாளின் வெறுமையில் டப்பா தனியே மிதக்கிறது. இருபதாண்டுகளாகத் தாம் மதிய உணவாக அந்த சூப்பையே உண்டுவந்ததாக வார்ஹோல் சொன்னதுண்டு. ஆயினும் அவர் தந்தது உணவின் படமன்று; உறையின் படம். அவருடைய கலையின் கூர்மையும் இதுதான், குறையும் இதுதான் என்பது நம் கருத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவிடாத ஓர் உலகத்தை அவர் மிகச் சரியாகக் காட்டினார். காட்டியதோடு நின்றுவிட்டார்.

எனினும் அச்சு என்ற வடிவம் ஒரு வாக்குறுதியைத் தன்னுள் கொண்டிருந்தது. எல்லாரும் வாங்கும் பொருளின் படம், எல்லாரும் வாங்கும் விலையில் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கும் என்பதே அது. இப்பொருளில் நம் வாசகர் எழுப்பக்கூடிய இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில் உண்டு. உருவம் வரைவதைப் பிழைப்பாகக் கொண்ட ஒருவர் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழிகாட்டியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நம் மாணவரும் மர்லினை விட்டு டப்பாவைத் தேர்ந்ததற்கு அதுவே காரணமாம். ஆகவே பிரச்சினை படத்தில் இல்லை. அதைச் சேர்க்கும் கையில் இருக்கிறது.

எண்ணும் கையொப்பமும்

அச்சு இயந்திரம் 250இல் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. திரை கிழியும்வரை அச்சிடலாம். கிழிந்தால் புதுத்திரை செய்யலாம். அப்படியிருக்க, ஏன் 250? ஏராளமாகச் செய்யக்கூடியதை வேண்டுமென்றே அரிதாக்கினால்தான் விலை நிற்கும் என்பதே காரணம். இவ்வழக்கம் வார்ஹோலுக்கு முந்தியது. அச்சுக் கலைஞர் யாவரும் கைக்கொண்டது. ஆனால் மலரையோ மலையையோ அச்சிட்டு எண்ணிடுவது வேறு. கோடிக்கணக்கில் விற்கும் தகர டப்பாவை அச்சிட்டு, அதற்கு 250இல் இத்தனையாவது என்று எண்ணிடுவது வேறு. பின்னதில் உள்ளடக்கமும் வடிவமும் ஒன்றையொன்று மறுக்கின்றன.

இதன் விளைவை 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் நடந்த ஒரு திருட்டு விளக்கும். ஸ்பிரிங்ஃபீல்டு கலை அருங்காட்சியகத்தில் ‘கேம்ப்பெல் சூப் 1’ தொகுதியின் பத்துத் தாள்களும் தொங்கிக்கொண்டிருந்தன. இரவில் புகுந்த திருடர்கள் ஏழைக் கொண்டுபோயினர், மூன்றை விட்டுச்சென்றனர். தகவல் தருவோருக்கு 25,000 டாலர் வெகுமதி என்று மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அறிவித்தது. பலசரக்குக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பண்டத்தின் படத்துக்காகக் கதவுடைத்தல்! தொகுதி சிதைந்தது, எஞ்சிய மூன்றும் ஊனமுற்றன. திருடர்களை மட்டும் குறை கூறுவானேன்? பத்தாக வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து விற்றால் வாங்குவோர் அதிகம் என்பது முறையான வணிகர்களும் அறிந்ததே. புளூம் தவணை கட்டிக் காத்த ஒருமை, பிற்காலச் சந்தையில் பலமுறை பிரிக்கப்பட்டுவிட்டது.

வார்ஹோலே சேர்ப்பதில் தணியாத வேட்கை கொண்டவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1987இல் அவர் இறந்தபோது நியூயார்க் இல்லம் பொருள்களால் நிறைந்து கிடந்தது. வாங்கிவந்த பைகளிலிருந்து வெளியே எடுக்கப்படாதவையும் அவற்றுள் இருந்தன. 1988இல் சோதபீஸ் நிறுவனம் ஏறத்தாழ 10,000 பொருள்களைப் பத்து நாள்கள் ஏலம் விட்டது, சுமார் 2.5 கோடி டாலர் சேர்ந்தது. பிஸ்கட் போட்டுவைக்கும் பீங்கான் சாடிகள் மட்டும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் போயின. அவை அவருக்குச் சந்தைகளில் அற்ப விலைக்குக் கிடைத்தவை. இவை தவிர, கடிதம், ரசீது, செய்தித்தாள் என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டு மூடிய 610 பெட்டிகளையும் விட்டுச்சென்றார். பொருளை வியந்த கலைஞர் பொருளிடமிருந்து விடுபடவில்லை. ‘தகாஸுர்’ என்ற சொல்லைத் திருக்குர்ஆன் ஓர் அத்தியாயத்தின் தலைப்பாகவே வைத்திருப்பதன் ஆழம், இத்தகைய வரலாறுகளைப் படிக்கும்போது நமக்கு மேலும் விளங்குகிறது.

சனதும் மத்னும்

இனி நம் மாணவரின் முத்திரைக்கு வருவோம். 1970ஆம் ஆண்டளவில் பெல்ஜியத்திலிருந்து ‘சண்டே பி. மார்னிங்’ என்ற பெயரில் மர்லின் அச்சுகளும் மலர் அச்சுகளும் வெளிவரத் தொடங்கின. தொடக்கத்தில் இதில் வார்ஹோலுக்கும் பங்கு இருந்தது என்றும், பிறகு உறவு முறிந்தது என்றும், அவர் இசைவின்றியே அச்சு தொடர்ந்தது என்றும் கூறுவர். அத்தாள்களின் பின்புறத்தில் கறுப்பு மையில் முத்திரை இருந்தது. உங்கள் சொந்தக் கையொப்பத்தை இட்டுக்கொள்ளலாம் என்பதே அதன் வாசகம். பின்னாளில் அதே பெயரில், நீல மை முத்திரையோடு, சூப் டப்பாக்களும் அச்சாகி இன்றுவரை விற்பனையாகின்றன. நம் மாணவர் வாங்கியது இவ்வகையைச் சேர்ந்தது. விற்றவர் ஓவியரின் வேடிக்கை என்று சொன்னது, உண்மையின் ஒரு நுனியை வைத்து நெய்த பொய்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்விடம் மிகவும் சுவையானது. ஒரு செய்திக்கு இரு பகுதிகள் உண்டு. அது வந்து சேர்ந்த அறிவிப்பாளர் தொடர் சனது, செய்தி மத்ன். நம் முன்னோர் சனதை ஆராய்ந்ததெல்லாம் மத்னைக் காப்பதற்காகவே. ஓவியச் சந்தையிலும் சனது உண்டு. யார் அச்சிட்டார், யார் வெளியிட்டார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, எந்த ஏலத்தில் எந்த எண் என்று தொடர் கேட்கிறார்கள். ஆனால் இங்கே மத்ன் இரண்டிலும் ஒன்றே. அதே அளவு, அதே சிவப்பு, அதே டப்பா. தூரத்திலிருந்து பார்ப்பவரால் 1968ஆம் ஆண்டுத் தாளையும் நேற்றைய தாளையும் பிரித்தறிய முடியாது. அவ்வாறெனில் பல மடங்கு விலை எதற்கு? சனதுக்கே. எதைக் காப்பதற்காகத் தொடர் ஏற்பட்டதோ அதைவிடத் தொடரே பெரிதாகிவிட்ட நிலை இது.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் வியப்பானது. தம்மிடம் கொண்டுவரப்பட்ட அந்த பெல்ஜிய அச்சுகள் சிலவற்றில், ‘இது என்னுடையதன்று’ என்ற பொருள்பட எழுதி, அதன்கீழ் வார்ஹோல் தம் கையொப்பத்தை இட்டார். ஆசிரியர் தாமே அறிவித்ததைப் பின்னர் மறுத்தால் என்ன செய்வது என்பது நம் அறிஞர்கள் விரிவாக ஆய்ந்த பொருள்; ‘அறிவித்து மறந்தவர்கள்’ பற்றித் தனி நூல்களே உண்டு. நினைவில்லை என்று ஐயத்தோடு சொன்னால் செய்தி ஏற்கப்படும், உறுதியாக மறுத்தால் தள்ளப்படும் என்பது பெரும்பான்மையோர் முடிவு. சந்தையின் விதி நேர்மாறானது. உறுதியான மறுப்பே கையொப்பத்தோடு வந்ததால், மறுக்கப்பட்ட தாள் மறுக்கப்படாத தாளைவிட மதிப்பு மிகுந்ததாயிற்று! வார்ஹோல் நகைத்திருப்பார். அந்நகைப்பு நியாயமானதும்கூட.

ஆயினும் சனதை எள்ளி ஒதுக்கவும் நம்மால் இயலாது. பிரில்லோ பெட்டிகளின் வரலாறு அதைத் தடுக்கிறது. 1964இல் வார்ஹோல் ஸ்டேபிள் காட்சிக்கூடத்தில், பாத்திரம் துலக்கும் பிரில்லோ பஞ்சின் அட்டைப்பெட்டிகளை ஒட்டுப்பலகையில் அச்சு அசலாகச் செய்து அடுக்கினார். கண்ணால் காணும் வேறுபாடே இல்லாத இரு பெட்டிகளில் ஒன்று கலையாகவும் மற்றொன்று சரக்காகவும் இருப்பது எவ்வாறு என்று மெய்யியலாளர் ஆர்தர் டான்ட்டோ அதே ஆண்டில் கேட்டார். அக்கேள்வி இன்றும் கல்விக்கூடங்களில் பேசப்படுகிறது. பெட்டியின் மூல வடிவத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓர் ஓவியரே; பிழைப்புக்காக உறைகளை வடிவமைத்தவர். 1965இல் 36 வயதில் இறந்துபோனார். மத்னைப் படைத்தவரின் பெயர் சனதிலேயே இல்லை என்பது இக்கலையின் மனச்சான்றை உறுத்த வேண்டிய செய்தி.

அதே பெட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை, வார்ஹோல் இறந்து மூன்றாண்டுகள் கழித்து, 1990இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் செய்வித்தவர் புகழ்பெற்ற அருங்காட்சியக இயக்குநர் பொந்துஸ் ஹுல்ட்டேன். அவை 1968ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குரியவை என்று சொல்லப்பட்டு உலகெங்கும் விற்கப்பட்டன. 2007இல், ஹுல்ட்டேன் இறந்த மறு ஆண்டில், ஸ்வீடிஷ் நாளிதழ் ஒன்று உண்மையை வெளியிட்டது. 1995இல் அமைக்கப்பட்ட வார்ஹோல் நம்பகச் சான்றுக் குழுவும் அப்பெட்டிகளை ஏற்றிருந்தது. வழக்குகளின் செலவு தாளாமல் அக்குழு 2012இல் மூடப்பட்டது. நம்பகமானவர் என்று எல்லாராலும் கருதப்பட்டவரே தொடரில் பொய்யைப் புகுத்தினால் என்ன நேரும் என்பதை நம் ரிஜால் கலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. மனிதரின் புகழையன்று, அவரது வாய்மையையும் காலத்தையும் ஆராய வேண்டும் என்று அது கற்பித்தது.

எண்ணிடாத கை

பாப் அச்சு தன் வாக்குறுதியை எங்குமே காப்பாற்றவில்லை என்று முடிவு கட்டுவதற்குள் ஒரு பெண்மணியைக் குறிப்பிட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸின் இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் ஓவியம் கற்பித்த கத்தோலிக்கக் கன்னித்துறவி சகோதரி கொரீட்டா. 1962இல் ஃபெரஸ் காட்சிக்கூடத்து சூப் டப்பாக்களை அவர் நேரில் கண்டார். அவ்வாண்டே ‘வொண்டர்பிரெட்’ என்ற அச்சைச் செய்தார். அமெரிக்கக் கடைகளில் விற்கும் அப்பெயருடைய ரொட்டியின் உறையிலுள்ள வண்ணப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தம் சமயச் சடங்கில் வழங்கும் அப்பத்தின் வட்டங்களாக்கினார். உறையைக் கண்டவர் உள்ளே இருக்கும் உணவையும், உணவுக்கு அப்பால் அதை அளிப்பவனையும் நினைத்தார். தக்காளி விளம்பரச் சொல் ஒன்றை அன்னை மர்யமோடு இணைத்து 1964இல் அவர் செய்த அச்சு அவருடைய சபையின் மேலிடத்தாருக்குக் கசந்தது. 1968இல் அவர் துறவு மடத்தை விட்டு வெளியேறினார்.

கொரீட்டாவின் கோட்பாடுகளோடு நமக்கு வேறுபாடு உண்டு, அது வெளிப்படை. ஆனால் இரு செய்திகளில் அவரை நாம் மதிக்கிறோம். முதலாவது, அவர் அச்சுகளை எண்ணிட்டு அரிதாக்க முனையவில்லை. எளியோரும் வாங்கும் விலையில் விற்றார். இரண்டாவது, 1985இல் அமெரிக்க அஞ்சல்துறைக்காக அவர் வரைந்த ‘லவ்’ அஞ்சல்தலை. விலை 22 சென்ட். விற்றவை 70 கோடிக்கும் மேல். அச்சு எனும் கலைக்கு அதைவிடப் பரந்த காட்சிக்கூடம் இருந்திருக்க முடியாது. வார்ஹோல் உறையை உறையாகவே விட்டார்; கொரீட்டா அதைத் திறந்து பார்த்தார். திறனாய்வாளர் பலர் முன்னவரையே பெரிய கலைஞர் என்பர், நாமும் மறுக்கவில்லை. ஆனால் அன்றாடப் பொருளைக் ‘கொண்டாடியவர்’ யார் என்று கேட்டால், நம் விடை பின்னவரே.

கிண்ணமும் களஞ்சியமும்

அன்றாடப் பொருளைக் கலையாக்குவது மேலைநாட்டார் கண்டுபிடிப்பன்று. பத்தாம் நூற்றாண்டில் நைசாப்பூரிலும் சமர்கந்திலும் வனைந்த மட்கிண்ணங்களில், வெண்பரப்பின் விளிம்பைச் சுற்றிக் கூஃபி எழுத்து ஓடுகிறது. உரிமையாளருக்கு பரக்கத்தும் நலமும் வேண்டும் துஆ சிலவற்றில். அடக்கத்தையும் ஈகையையும் போற்றும் மூதுரை சிலவற்றில். உண்டு முடிக்கும்போது கிண்ணம் பேசும். அங்கே அழகு, பயன்பாட்டின் மீதே எழுதப்பட்டது. பாப் அச்சில் பொருள், பயன்பாட்டிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டுச் சுவருக்கு ஏற்றப்பட்டது. வேறுபாடு இதுதான். ஆனால் இதைச் சொல்லி நாம் பெருமிதம் கொள்வதற்கும் இடமில்லை. அந்தக் கிண்ணங்களும் இன்று நியூயார்க்கிலும் பாரிஸிலும் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டப்பட்டவையே. அவற்றில் உண்பார் யாருமில்லை.

ஈரானின் அனுபவம் இன்னும் பாடம் புகட்டுவது. 1973க்குப்பின் எண்ணெய் வருவாய் பெருகிய காலத்தில், அரசி ஃபரா பஹ்லவியின் ஆதரவில் மேலைநாட்டு நவீன ஓவியங்கள் பெருமளவில் வாங்கப்பட்டன. 1976இல் வார்ஹோலே தெஹ்ரான் வந்து சென்றார். 1977இல் தெஹ்ரான் தற்காலக் கலை அருங்காட்சியகம் திறந்தது. 1979இல் புரட்சி வந்தது. ஓவியங்கள் நிலவறைக்குப் போயின. ஆனால் அவை எரிக்கப்படவில்லை, சூறையாடப்படவும் இல்லை. பிற்காலத்தில் சிறிது சிறிதாக வெளிவந்தன. 2021இல் அதே கட்டடத்தில் வார்ஹோலின் அச்சுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையின் கீழ் வாழும் இளைஞர்கள் அமெரிக்க நுகர்வின் முகங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர்.

அந்த அருங்காட்சியகம் 1994இல் செய்த ஒரு கைம்மாற்றும் குறிப்பிடத்தக்கது. தன்னிடமிருந்த வில்லெம் தெ கூனிங்கின் பெண்ணோவியம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஷா தஹ்மாஸ்புக்காக உருவான ஷாநாமா ஏட்டில் எஞ்சிய 118 ஓவியத் தாள்களை ஈரான் திரும்பப் பெற்றது. 258 சிற்றோவியங்கள் கொண்ட அந்த ஒப்பற்ற சுவடியை அமெரிக்கச் செல்வர் ஒருவர் வாங்கி, தாள்தாளாகப் பிரித்து, ஒரு பகுதியை நன்கொடையாக வழங்கியும் ஒரு பகுதியை விற்றும் சிதறடித்திருந்தார். கொடுத்த ஓவியம் 2006இல் 13.75 கோடி டாலருக்குக் கைமாறியது. ஈரான் ஏமாந்தது என்று கணக்கிட்டோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சிதைந்த தொகுதியின் எஞ்சிய பகுதியை வீடு சேர்த்தது நல்ல சேகரிப்பாளரின் செயலே. ஃபெரஸ் காட்சிக்கூடத்துப் புளூமுக்கும் இதற்கும் உறவு உண்டு.

மாணவருக்கு எழுதியது

விடுமுறை முடிந்து திரும்பிய மாணவருக்குக் கடிதம் எழுதினோம். அதன் சாரத்தைத் தந்து இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம்.

‘நீர் வாங்கியது 1968ஆம் ஆண்டுத் தாளன்று. பின்புற முத்திரையே அதைச் சொல்கிறது. நம் ஏட்டு மரபின் மொழியில் சொன்னால், அது இஜாஸா இல்லாத நுஸ்கா. படி பொய்யன்று, அதைக் குறித்து உமக்குச் சொல்லப்பட்டதே பொய். அப்படியைப் படி என்று சொல்லி, படியின் விலைக்கு விற்றிருந்தால் குற்றமில்லை. அசல் என்று சொல்லி விற்றது தத்லீஸ். குறையை மறைத்த விற்பனையில் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பதை நீர் ஃபிக்ஹில் ஓதியிருக்கிறீர். விற்றவரிடம் கேளும், பணம் கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால், ஒரு வேண்டுகோள். அதை இன்னொருவருக்கு அசல் என்று விற்றுவிடாதீர். தொடர் உம்மோடு நிற்கட்டும்.

‘படத்தைச் சுவரிலேயே விட்டுவையும். மனைவி மக்கள் கேட்டால், இது ஒரு டப்பாவின் படத்தின் படி என்று உள்ளதை உள்ளபடி சொல்லும். அந்நிறுவனம் 2024இல் தன் பெயரிலிருந்தே ‘சூப்’ என்ற சொல்லை நீக்கிவிட்டது. பொருள்கள் மாறும், பெயர்களும் மாறும். உள்ளே இருக்கும் உணவுக்கு நன்றி சொல்ல வேண்டிய கடமை மாறாது. அப்படம் அதை நினைவூட்டினால், கொடுத்த விலையில் ஒரு பங்காவது மீண்டுவிடும்.’

கடிதத்தின் இறுதியில் ஒரு மொழிக் குறிப்பையும் சேர்த்தோம். மொராக்கோவில் பிறந்து லண்டனில் வாழும் ஹஸன் ஹஜ்ஜாஜ் என்ற கலைஞர், அரபு எழுத்துப் பொறித்த டப்பாக்களையும் குளிர்பானக் குப்பிகளையும் சட்டமாக அடுக்கி, அவற்றின் நடுவே தம் நிழற்படங்களை வைக்கிறார். அவரை மராகேஷின் ஆண்டி வார்ஹோல் என்பர். அவர் அப்பெயரைச் சற்றே மாற்றி ‘அண்டி வாலூ’ என்று சொல்லிச் சிரிப்பார். மொராக்கோ வழக்கு அரபியில் ‘அந்தீ வாலூ’ என்பதன் விளையாட்டுத் திரிபு அது. அதன் பொருள்: என்னிடம் ஒன்றுமில்லை.

மாணவர் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தார். பணம் பாதி திரும்பிவிட்டதாம். படத்தின் கீழ், அட்டையில் அரபியில் அவ்விரு சொற்களையும் எழுதி ஒட்டியிருக்கிறாராம்.